ஒன்றாம் நம்பர் பொட்டலம்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கை இருபத்தொன்பது வருஷம் கட்டி ஆண்டவருக்கு, கட்டிலோரத்தில் நிற்கப்போகும் ஒரு தள்ளுவண்டியை நிரப்புவது பெரிய காரியமாகத் தோன்றியிருக்கக் கூடாது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தத் தெருவில் அவருக்கு ஸ்டோர்ஸ்காரர் என்றுதான் பெயர். முதுகு வளையாமல் நடப்பார். சட்டையின் மேல் பொத்தானைக் கோடையிலும் கழற்ற மாட்டார். யார் வீட்டு வாசலிலும் போய் நின்று ஒரு பொருளை இரவல் கேட்டதில்லை.

மகளுக்கு ஒன்பது வயதாகும்போது மனைவி போய்ச் சேர்ந்தார். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து, ஆண்பிள்ளை ஒருவராகப் பெண் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாருக்கும் காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டு, மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தார். முதல் வாரம் அவர் போட்ட பின்னலின் இறுக்கத்தில் பிள்ளையின் இரண்டு புருவமும் மேலே ஏறிவிட்டன. பாடம் நடத்திய டீச்சர், தான் சொன்னதில் அப்படி என்ன அதிசயம் என்று அவளையே எழுப்பிக் கேட்டாராம். பிறகு கை பழகியது. சமையல் பழகியது. அந்த வீட்டில் பெண் பிள்ளைக்கு ஒரு குறை என்று அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவர் சம்பாதித்ததாக நினைத்தது அந்த ஒன்றைத்தான்.

இப்போது அந்த மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்கள் வீட்டு லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறவர், தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட்டுக்குப் பாகம் வராமல் இரண்டு மாதமாக நாலு மாடி ஏறிக்கொண்டிருந்தார். தையல் போட்ட வயிற்றோடு படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், நான் அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அப்பா வீடு தரைத்தளம். அவள் படுத்து வளர்ந்த அறை.

சம்பந்தியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் தபால் நிலையக் கவுன்ட்டரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்கும்படி பேசியே பழகிய குரல். அவர் போன் செய்தால் ஸ்டோர்ஸ்காரர் அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். அன்றைக்கு அந்தக் குரல் முதலில் குழந்தையின் எடையை விசாரித்தது. பிறகு விஷயத்துக்கு வந்தது. பெண் துணை இல்லாத வீடு, பச்சை உடம்புக்காரி, ஒரு வலி, ஒரு தொந்தரவு என்றால் அப்பாவிடம் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் கணவரை விட்டுத் தான் இரண்டு நாளுக்கு மேல் நகர முடியாது, ஆகவே மருமகளையும் பேத்தியையும் தன்னிடமே அனுப்பிவிடுங்கள் என்றார். நான்கு மணி நேரப் பயணம்தான், காரில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாம் என்றார்.

"எங்க வீட்ல ஒரு குறையும் இருக்காது, சம்பந்திம்மா" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"அதை நான் வந்து பார்த்துச் சொல்றேன்" என்றது குரல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதென்றும், திருப்தியாக இருந்தால் மருமகள் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தன்னோடு அழைத்துக்கொண்டு போவதென்றும் முடிவானது. நியாயமான பேச்சுதான். அவரால் மறுக்க முடியவில்லை.

மருத்துவமனை வார்டு நர்ஸ் ஒரு அச்சடித்த தாள் கொடுத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் தாய் எழுந்து எழுந்து நடக்கக் கூடாது, தேவையானதெல்லாம் ஒரு சின்ன வண்டியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தலைப்பில் போட்டு, கீழே இருபத்து மூன்று பொருள்கள். ஸ்டோர்ஸ்காரர் அந்தத் தாளை நான்கு முறை படித்தார். அவர் உலகத்து விஷயம் அது. எது மேல் தட்டு, எது கீழ்த் தட்டு, எது எவ்வளவு இருப்பு, எது தீருவதற்கு எத்தனை நாள் முன்னால் வாங்க வேண்டும்.

மூன்றடுக்கு வண்டி ஒன்றை வாங்கி வந்து பாகம் பாகமாகப் பூட்டினார். அதன் சக்கரம் கீச்சிட்டது. தூங்கும் குழந்தை பக்கத்தில் கீச்சிடும் சக்கரமா என்று, பழைய டிப்போ நண்பர் ஒருவரிடம் சொல்லி ரப்பர் போட்ட கனத்த சக்கரம் நாலை வாங்கி மாட்டிவிட்டார். சாயங்காலம் வந்த மாப்பிள்ளை அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, ஒரு பெர்மிட் மட்டும் வாங்கிட்டா ரூட்லயே விட்டுடலாம்" என்றார். ஸ்டோர்ஸ்காரர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் அவர் சிரிப்பதில்லை. உள்ளே போய்த்தான் சிரித்தார்.

குழந்தைக்கு உரிய பதினாறு பொருளும் மளமளவென்று வந்து சேர்ந்தன. துடைக்கும் பஞ்சு, மெல்லிய துணி, டயப்பர், ஈரம் தாங்கும் விரிப்பு, தெர்மாமீட்டர், பால் கக்கினால் தோளில் போடும் துண்டு, குல்லாய். ஒவ்வொன்றுக்கும் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார்.

மிச்சம் ஏழு பொருள் மகளுக்கு. அங்கேதான் பேனா நின்றது. உதிரப்போக்குக்குப் பெரிய பேட். பயன்படுத்தித் தூக்கிப் போடும் உள்ளாடை. கழுவிக்கொள்ள அழுத்தினால் பீய்ச்சும் பாட்டில். மார்புக் காம்பில் வெடிப்புக்கு மருந்து. பால் கசிந்தால் சட்டைக்குள் வைக்கும் வட்டப் பஞ்சு. பால் எடுக்கும் கைப் பம்பு. மலம் இளக்கும் சிரப். தாளில் அச்சாகியிருப்பதைக் கண்ணால் படித்தார். வாயால் ஒன்றைக்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. மகள் வயதுக்கு வந்த காலத்தில்கூட அந்தப் பேச்சைப் பக்கத்து வீட்டு டீச்சர்தான் அவளிடம் பேசினார்.

மருந்துக் கடையில் தாளை மடித்தே நீட்டினார். கடைக்காரப் பெண் அதைப் பிரித்து, இருமல் மருந்துக்கு நின்ற இரண்டு ஆண்களையும் பொருட்படுத்தாமல், உரக்கப் படித்துக்கொண்டே எடுத்து வைத்தார். பேட் எந்த சைஸ் என்று கேட்டார்.

"இருக்கிறதிலேயே உசத்தியா குடுங்க."

"உசத்தி, மட்டம்லாம் இல்லைங்க சார். அகலம் கேட்டேன்."

ஸ்டோர்ஸ்காரருக்குக் காது மடல் சுட்டது. இருப்பதிலேயே அகலமானதைக் கண்ணால் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஏழையும் காக்கித் தாளில் பொட்டலம் கட்டினார். கிடங்கில் எந்தப் பாகத்துக்கும் பெயர் கிடையாது, எண்தான். மெக்கானிக் ஜன்னலில் வந்து நின்று எண்ணைச் சொல்வார், இவர் எடுத்துக் கொடுப்பார். பெயர் சொல்லிக் கேட்டால் குழப்பம். அந்தப் பழைய ஒழுங்கு இப்போது அவருக்குக் கை கொடுத்தது. பொட்டலங்களின் மேல் ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதினார். ஒன்றாம் நம்பரில், பொட்டலத்துக்கு இரண்டு பேட் என்று வைத்து, பன்னிரண்டு பொட்டலம் கட்டி நடுத் தட்டில் அடுக்கினார். எந்த எண் எது என்ற சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிடங்கில் சீட்டு எப்போதும் பொறுப்பாளரிடம்தான் இருக்கும்.

திங்கட்கிழமை மகள் வந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கட்டிலில் மெல்லச் சாய்ந்தவள், வண்டியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அப்பா, இதென்ன ஒண்ணு, ரெண்டு, மூணு?"

"பார்ட் நம்பர்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பிறகு சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பில் பால் வைத்திருக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து சிரிப்பும் வலி முனகலும் சேர்ந்து வந்தன. "சிரிக்க வெக்காதீங்கப்பா. தையல் பிரிஞ்சா அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருவீங்க."

ஆனால் ஏற்பாடு அபாரமாக நடந்தது. ஒரே நாளில் அவளுக்கு எண்கள் மனப்பாடம். "அப்பா, அஞ்சு கம்மியா இருக்கு" என்பாள். கடைக்குப் போய் வருவார். "நாலு தீர்ந்துபோச்சு, ரெண்டு போதும்" என்பாள். ஹாலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே இந்தப் பேச்சு நடக்கும். மாப்பிள்ளை ஏதோ பஸ் ரூட் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை கூசாமல், ஒரு பொருள் தட்டாமல், பச்சை உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் ஸ்டோர்ஸ்காரர் வண்டிக்கு முன்னால் நின்று குறைந்ததை நிரப்புவார். பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடி, தட்டு தட்டாகக் கண்ணை ஓட்டுவார். பேத்தி ஏப்பம் விட்டால் பெருமையாக மகளைத் திரும்பிப் பார்ப்பார், தானே விட்டதுபோல. மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அப்படியென்றால் இவளை என்ன என்று கூப்பிடுவீர்கள் என்று மகள் கேட்டதற்கு, இவள் சின்ன மேடம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தரைகூடக் கண்ணாடிபோல மின்னியது. தான் துடைத்த துடைப்பு அப்படி என்று எண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வண்டி முன்னால் நின்றவருக்குக் கை அப்படியே நின்றது.

ஒன்றாம் நம்பரில் ஐந்து பொட்டலம் போயிருந்தது. முந்தின தினங்கள் அவர் மனதில் இருந்தன. இருபத்தொன்பது வருஷப் பழக்கம் எங்கே போகும். செவ்வாய் மூன்று. புதன் மூன்று. வியாழன் இரண்டு. வெள்ளி இரண்டு. நர்ஸ் கொடுத்த தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது, நாள் போகப் போகக் குறையும் என்று. குறைந்துகொண்டு வந்தது ஒரே நாளில் இரண்டரை மடங்கு ஏறியிருந்தது.

கிடங்கு ஜன்னலில் உட்கார்ந்தபடியே அவருக்கு எல்லா வண்டியின் உடம்பும் தெரியும். ஒரு வண்டி வாராவாரம் வாங்கும் எண்ணெய்க்கு மேல் அரை லிட்டர் கேட்டால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். டிரைவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்பார். நல்ல டிரைவர்தான் முதலில் அப்படிச் சொல்வார். ஒழுகுகிறது என்றால் வண்டியைப் பிடுங்கிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்களே. ஒருமுறை அப்படி ஒரு டிரைவரின் பேச்சை நம்பி ஸ்டோர்ஸ்காரர் எண்ணெயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பதினோராம் நாள் எஞ்சின் நடுவழியில் இறுகிப் பிடித்துக்கொண்டது.

"பாப்பா, ஒண்ணு ரொம்பப் போயிருக்குதே" என்றார்.

மகள் குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள். "சரியா வெக்காம ரெண்டு மூணு வீணாப் போச்சுப்பா."

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையன்று, நூற்று மூன்று காய்ச்சலோடு, லேசாகத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனாளே, அதே குரல். அதே போல வேறெங்கோ பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. இத்தனை நாளும் அவர் வண்டியைப் பார்த்தாரே தவிர, அந்த உதட்டைப் பார்க்கவில்லை.

ஹாலுக்கு வந்து போனைக் கையில் எடுத்தார். நாளைக்கு சம்பந்தியம்மாள் வருகிறார். இன்று மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், நாளை இந்த வீட்டில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. பெண் துணை இல்லாத வீடு என்று சொன்னது நிரூபணமாகிவிடும். மகளும் பேத்தியும் கார் ஏறிவிடுவார்கள். ஒரு நாள்தானே, திங்கட்கிழமை காலையில் போனால் என்ன என்று ஒரு யோசனை, யாரோ காதில் சொன்னதுபோல, வந்து நின்றது. அது தன்னுடைய யோசனைதான் என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. மருந்துக் கடையில் கூசியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வார்டு நர்ஸுக்கு போன் போட்டார். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, நிறம் என்ன, கட்டி வருகிறதா, காய்ச்சல் உண்டா என்று நர்ஸ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றார் இவர். போனை உங்கள் மகளிடம் கொடுங்கள் என்றார் நர்ஸ். கொடுத்தால் மகள் ஒன்றும் இல்லை என்பாள்; அது இவருக்கு நிச்சயம். போனைக் காதில் வைத்தபடியே அறை வாசலுக்குப் போய் நின்றார்.

"பாப்பா. ரத்தம் என்ன நிறத்துல போகுது? கட்டி கட்டியா வருதா?"

மகள் வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"மறைக்காம சொல்லு. எத்தனை மணிக்கொரு தரம் பேட் மாத்துறே?"

"ரெண்டு மணிக்கொரு தரம்ப்பா" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "நேத்து மத்தியானத்திலேர்ந்து நல்ல சிவப்பா. காலையில ரெண்டு கட்டி வந்துச்சு. கோலிக்குண்டு மாதிரி."

அவர் அதை அட்சரம் பிசகாமல் போனில் ஒப்பித்தார். உடனே கூட்டி வாருங்கள் என்றார் நர்ஸ்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு, டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னென்ன வேலை செய்தாய் என்று மகளைக் கேட்டார். அப்போதுதான் கதை வெளியே வந்தது. தினமும் பத்து மணிக்கு அப்பா கடைக்குப் போனதும் அவள் எழுந்திருக்கிறாள். கறைபட்ட துணியை, விரிப்பை, நைட்டியை அப்பா கையால் துவைக்க விடுவதா என்று, பெரிய வாளியில் ஊற வைத்து, தானே கசக்கி, தானே தூக்கிப் போய்ப் பின்கட்டில் உலர்த்தியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அறை முழுக்கக் குனிந்து தரை துடைத்திருக்கிறாள்.

"தரையும் நீதானா?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"அத்தை வந்து பார்த்துட்டு உங்களைக் குறையா ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுல்லப்பா."

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். மேல் பொத்தானைக் கழற்றினார். சிறிது நேரம் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்குவது கழிவறைக்கு மட்டும்தான், குழந்தையை விடக் கனமான எதையும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பயணம் போகலாமா என்று அவரே கேட்டார். இரண்டு நாள் பொறுத்து, படுத்தபடி போகலாம் என்றார் டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சம்பந்தியம்மாள் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். ஸ்டோர்ஸ்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவரை, ஒரு நிமிஷம் என்று நிறுத்தினார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன், சம்பந்திம்மா. நேத்து பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உதிரப்போக்கு அதிகமாயிடுச்சு. துணி துவைச்சிருக்கா, தரை துடைச்சிருக்கா. எனக்குத் தெரியலை. நீங்க அன்னைக்கு சொன்னது சரிதான். கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

முதுகு நேராகவே இருந்தது. குரல்தான் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் இறங்கியது.

"அத்தை, அதெல்லாம் ஒண்ணும் இல்லை, அப்பா சும்மா பெரிசு பண்றாங்க" என்று அறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா படு" என்றார் சம்பந்தியம்மாள், தெருவே திரும்பும்படி. பிறகு, வழக்கமில்லாத தாழ்ந்த குரலில், "அவளா வந்து சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்டோர்ஸ்காரர் சொன்னார். வண்டியை, பொட்டலத்தை, இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏறியதை, எண்ணெய் அதிகம் கேட்கும் பஸ்ஸை. பேட் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் தரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாள் உள்ளே வந்து, மருமகள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டார். பிறகு வண்டி முன்னால் நின்று, ஒரு கையால் காக்கிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான்கைப் பிரித்து, ஓ என்றார். ஆறைப் பிரித்து, ஓஹோ என்றார். ஏழாம் நம்பர் சிரப்பைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை. பேத்தி குலுங்கும்படி சிரித்தார். "இதைக் கூடவா சம்பந்தி தாள் சுத்தினீங்க?" மகளும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டோர்ஸ்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் பையன் பொறந்தப்ப நான் இருந்த வீட்ல நாலு பொம்பளைங்க. மாமியார், ரெண்டு நாத்தனார், ஒரு ஓரகத்தி. ஒம்பது நாள் இதே மாதிரிதான் எனக்கும் போச்சு. நானும் சொல்லலை. குளியலறையில விழுந்தப்புறம்தான் தெரியும். அவ கிட்ட சொல்லியிருப்பான்னு இவ நினைச்சா, இவ கிட்ட சொல்லியிருப்பான்னு அவ நினைச்சா." மருமகளைப் பார்த்தார். "நான் கூட்டிட்டுப் போயிருந்தா, எப்படியிருக்கேன்னு கேட்டிருப்பேன். நல்லா இருக்கேன் அத்தைன்னு நீ சொல்லியிருப்பே. நானும் நம்பியிருப்பேன்."

பேத்தியை மருமகள் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"உங்கப்பா மானத்தை நீ வாளியில தூக்கிட்டு அலைய வேணாம், கண்ணு. அது அவர் கிட்டயே பத்திரமா இருக்கு. நீ இங்கயே இரு. ஆனா துணிக்கு ஒரு வழி பண்ணணும்."

வழி பன்னிரண்டரை மணிக்கு, கையில் ஒரு பஞ்சுக் கரடியோடு, சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையை உட்காரக்கூட விடவில்லை அவர் அம்மா. லீவு எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு வெச்சிருக்கே? அடைகாக்கவா? தினம் வந்து காப்பி குடிச்சிட்டு, விருந்தாளி மாதிரி குழந்தைக்கு டாட்டா காட்டிட்டுப் போறே. இன்னைக்கே துணியெடுத்துட்டு வா. அவ துணியும் குழந்தை துணியும் உன் பொறுப்பு."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை துணி துவைப்பதாவது என்று ஸ்டோர்ஸ்காரருக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்படி ஒரு காட்சியைத் தெருவில் யாராவது பார்த்தால் என்று நினைத்தார். உடனே அந்தப் பெரிய வாளி கண்ணில் பட்டது.

"சோப்பு பின்கட்டு அலமாரியில இருக்குது மாப்ளே" என்றார். "ரத்தக் கறைக்குச் சுடுதண்ணி ஊத்திடாதீங்க. பச்சைத் தண்ணிதான்."

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மருமகள் சொல்வதை நான் நம்ப மாட்டேன், மகனுக்குக் கண் இருந்தும் பார்க்கத் தெரியாது. ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு சம்பந்தியே போன் செய்து நிலவரம் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ்காரர் இதுவரை அந்த வீட்டுக்குத் தானாகப் போன் செய்ததில்லை. பெண்ணைக் கொடுத்தவர் அடிக்கடி போன் செய்வது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஏழு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணை அழுத்தினார். பின்கட்டில் மாப்பிள்ளை துணி பிழியும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் குரல் வந்ததும் ஸ்டோர்ஸ்காரர் நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை.

"நேத்து காலையிலேர்ந்து இன்னைக்குக் காலை வரைக்கும் நாலு பேட். நிறம் பழுப்பாயிடுச்சு. கட்டி இல்லை. காய்ச்சல் இல்லை, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. மார்புல வெடிப்பு இன்னும் இருக்குது, மருந்து தடவுறா."

"அப்பா, நாலு இல்லை, அஞ்சு" என்று அறையிலிருந்து குரல் வந்தது. "விடிகாலையில ஒண்ணு மாத்தினேன்."

"அஞ்சுங்க சம்பந்திம்மா. திருத்திக்குங்க."

"திருத்திட்டேன்" என்றது குரல். "மலம் கழிச்சாளா?"

ஸ்டோர்ஸ்காரர் போனை லேசாகத் தள்ளிப் பிடித்து, அறைப் பக்கம் திரும்பி, அதைக் கேட்டார்.